சென்னையை விட்டு ஊரில் கிளினிக் தொடங்கலாமா? ஒரு பல்சீரமைப்பு மருத்துவரின் கேள்வி

மேடவாக்கத்தில் வசிக்கும் 34 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் பல்சீரமைப்பில், அதாவது கோணல் பற்களை நேராக்கும் சிகிச்சையில், எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் படிப்பு முடித்தவர். ஆறு வருடமாகச் சென்னையில் விசிட்டிங் கன்சல்டன்ட். ஒரு நாள் தாம்பரம், மறுநாள் வேளச்சேரி, அடுத்த நாள் அண்ணா நகர் என்று பிளையர் பையோடு ஸ்கூட்டியில் சுற்றுகிறார். நடுவில், பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் இரண்டு கிளினிக்குகளுக்கும் போகிறார். கேஸுக்கு இவ்வளவு சதவீதம் என்று பங்கு. அந்தப் பணமும் மாதக்கணக்கில் தாமதமாகத்தான் வருகிறது. சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே பல வருடமாகக் கிளினிக் நடத்தும் மூத்த பல் மருத்துவர் ஒருவர் ஓய்வு பெற நினைக்கிறார். "நாற்காலியையும் இடத்தையும் நீயே எடுத்துக்கோம்மா" என்று கேட்டிருக்கிறார். அம்மாவோ, "எம்.டி.எஸ். வரைக்கும் படிச்சிட்டு மறுபடி இங்கேயே வரவா?" என்கிறார். கணவர் சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, ஐந்து வயதில் மகன்.

கேள்விகள் நான்கு. சின்ன ஊரில் கிளிப் போட யார் வருவார்கள்? கற்ற வேலை மறந்துபோகாதா? அந்த நிறுவனத்தை விட்டு விலகினால் இரண்டு வருடத்துக்குப் பத்து கிலோமீட்டர் சுற்றளவில் தொழில் செய்யக்கூடாது என்று கையெழுத்து போட்டிருக்கிறேனே, வழக்கு போடுவார்களா? கடைசியாக: சனி, ஞாயிறு மட்டும் ஊருக்குப் போய்ப் பார்த்து, ஓடினால் தொடரலாம், ஓடாவிட்டால் விட்டுவிடலாம் என்று கணவர் சொல்கிறார், அது சரிதானா?

அன்புள்ள டாக்டர்,

நானும் பல்சீரமைப்பு மருத்துவன்தான். திண்டிவனத்தில் நெடுங்காலம் கிளினிக் நடத்திவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னைக்கு வந்தவன். இரண்டு பக்கமும் பார்த்திருப்பதால் உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. உங்கள் அம்மாவுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐந்து வருட பி.டி.எஸ்., மூன்று வருட எம்.டி.எஸ். படிப்பெல்லாம் சென்னையில் மட்டும் செலவழிப்பதற்காகப் படித்தது இல்லை. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு காலை நேரம் போய்ப் பாருங்கள். பிள்ளையின் எத்துப்பல்லுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வெளியூரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைப் பார்க்கலாம். பல்சீரமைப்புக்கு மாதம் ஒருமுறை, ஒன்றரை இரண்டு வருடம் வர வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை பயணம் என்று யோசியுங்கள். அந்த மருத்துவர் பக்கத்து ஊரிலேயே இருந்தால் அவர்களுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தும் ஒரு விஷயம் அதில் கண்ணில் படவில்லை. இப்போது சென்னையில் உங்கள் கம்பியை வாயில் வைத்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வருமானம், ஒப்பந்தம், வாடகை எல்லாம் இருக்கிறது. அவர்கள் இல்லை. நீங்கள் அக்கறை இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. வாரம் ஐந்து கிளினிக் சுற்றும் வாழ்க்கையில் நோயாளி அந்தக் கிளினிக்கைச் சேர்ந்தவர் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடும். நான் சொல்ல நினைக்கும் எல்லாமே இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நடுவில் நிற்கும் கேஸ்கள்

மற்ற பல் மருத்துவ வேலைகளைப் பெரும்பாலும் சில தடவைகளில் முடித்துவிடலாம். நம் வேலை அப்படி இல்லை. இன்று நீங்கள் பல்லில் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் ஒட்டினால் அதைக் கழற்ற 18 முதல் 24 மாதம் ஆகும். அதற்குப் பிறகும், பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரீட்டெய்னரைப் பார்க்க வேண்டும். நடுவில் மருத்துவர் காணாமல் போனால் கம்பி சும்மா இருக்காது. நிக்கல் டைட்டானியம் கம்பியும் பவர் செயின் என்ற ரப்பர் சங்கிலியும் பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் பல்லை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். பல்லைச் சுற்றி மாட்டும் பேண்டு என்ற உலோக வளையம் தளர்ந்தால் உள்ளே சொத்தை விழும். சுத்தம் சரியில்லாத வாயில் ஒரு மாதத்திலேயே பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு வந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

அதனால் என் யோசனை இது. இடமாற்றத்துக்கு இரண்டு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேதி குறித்து, அதற்குப் பிறகு சென்னையில் புதிய கேஸ் எதுவும் தொடங்காதீர்கள். கையில் இருப்பவற்றின் பட்டியலை எழுதுங்கள்: யார், எந்தக் கிளினிக், எப்போது ஒட்டியது, எந்தப் பல் எடுத்தது, இன்னும் எவ்வளவு மாதம். ஆறு மாதத்துக்குள் முடிபவை, ஒரு வருடம் ஆகுபவை, கைமாற்ற வேண்டியவை என்று பிரித்துவிட்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

கைமாற்றும் கேஸ்களுக்கு ஒரு முழுப் பக்கக் குறிப்பு எழுதுங்கள். பிராக்கெட்டில் கம்பி உட்காரும் ஸ்லாட் 0.022 அங்குலமா 0.018 ஆ, பிராக்கெட் வகை எம்.பி.டி.யா ராத்தா, இப்போது உள்ளே இருக்கும் கம்பி என்ன, கட்டிய பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெற்றோருக்கு ஒரு நகல் கொடுங்கள். அடுத்து வரும் மருத்துவரை அவர்களுக்கு நேரில் அறிமுகப்படுத்துங்கள். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. பாதியில் விட்ட கேஸுக்குக் கிளினிக் மட்டும்தான் பொறுப்பு, கன்சல்டன்ட்டுக்கு இல்லை என்று நினைத்திருந்தால் அது தவறு. உங்கள் பெயரும் புகாரில் வரும். எழுத்தில் வைத்திருக்கும் குறிப்பும் பிளாஸ்டர் மாடலும் புகைப்படமும்தான் அப்போது துணை.

அந்தப் பத்து கிலோமீட்டர்

இதைப் பற்றி வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையில் இருக்கும்போது கட்டுப்பாடு போடலாம். விலகிய பிறகு இந்தத் தெருவில் உட்காராதே, அந்தப் பேட்டையில் உட்காராதே என்பதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. தவிர, நீங்கள் போகப்போவது ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தள்ளி. இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, குறைந்தபட்சம் இத்தனை வருடம் வேலை செய்வேன், இல்லாவிட்டால் இவ்வளவு பணம் தருவேன் என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா? அந்த வகை பாண்டு வேறு. 2025 மே மாதம் ஒரு வங்கி ஊழியர் வழக்கில் அப்படிப்பட்ட நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு, நோட்டீஸ் காலம். அதை முழுசாகக் கொடுத்துவிட்டு, வர வேண்டிய பங்குத் தொகைக்கான கணக்கை விலகுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தை ஒருமுறை வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

ஊரில் என்ன வேலை இருக்கிறது

சின்ன ஊரில் கிளிப் போட யார் வருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பல் கோணலாக வளர்வதற்கு ஊர் தெரியாது. அங்கே இல்லாதது, அதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள். திண்டிவனத்தில் என்னிடம் வந்தவர்களில் பலர் தன் பிள்ளைக்கு கிளிப் வேண்டும் என்று வரவில்லை. ஆடும் பால்பல்லைப் பிடுங்க வந்தார்கள். வாயைப் பார்த்தால் கீழ்த்தாடை பின்தங்கியிருக்கும், விரல் சூப்பி மேல்பல் தள்ளியிருக்கும், மூக்கடைப்பால் வாய் திறந்தபடியே மூச்சு விடும் பிள்ளையாக இருக்கும். ஏழு வயதுக்குள் ஒருமுறை பல்சீரமைப்பு மருத்துவர் பார்த்துவிடுவது நல்லது என்று நாம் சொல்கிறோம். சென்னையில் உங்களிடம் பெரும்பாலும் வருவது கல்லூரி மாணவர்களும் ஐ.டி. இளைஞர்களும். ஊரில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை, வளர்ச்சி இன்னும் மிச்சம் இருக்கும்போதே பார்ப்பீர்கள். பின்தங்கிய கீழ்த்தாடையை முன்னே கொண்டுவர வில்லியம் கிளார்க் வடிவமைத்த ட்வின் பிளாக் சாதனத்தை எம்.டி.எஸ். படிக்கும்போது எத்தனை ஆசையாகச் செய்தோம்! அதற்கு ஏற்ற வயதில் நோயாளி கிடைப்பது அங்கேதான். அந்த வயதில் தாடையைச் சரிசெய்துவிட்டால் பின்னால் நான்கு பல் பிடுங்க வேண்டிய அவசியமே சிலருக்கு இருக்காது. வேலை மறந்துபோகும் என்று நீங்கள் பயப்படுவதற்கு இதுதான் என் பதில். கம்பிக்குப் பதில் கழற்றி மாட்டும் ஒளிபுகும் உறையான அலைனர் கேஸ்கள் குறையும், உண்மை. மற்ற எல்லாம் கூடும்.

உங்கள் மாவட்டத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டுமே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள பகுதிகள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அந்த எனாமலில் பிராக்கெட் சாதாரணமாக ஒட்டினால் அடிக்கடி விழும். அமிலம் வைக்கும் நேரத்தைக் கூட்டுவது, மேற்பரப்பை லேசாகத் தேய்த்து எடுப்பது, அதற்கான பசை முறைகள் எல்லாவற்றையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். கழற்றும்போது எனாமல் பெயரக்கூடும் என்பதால் செராமிக் பிராக்கெட்டைத் தவிர்ப்பது நல்லது. கிளிப் போட்டால் கறையும் போய்விடும் என்று பெற்றோர் நினைப்பார்கள். போகாது என்பதைச் சம்மதப் படிவத்திலேயே தமிழில் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

பிளவு உதடு, பிளவு அண்ணக் குழந்தைகளும் வருவார்கள். உலக அளவில் சுமார் 700 பிறப்புக்கு ஒன்று என்பார்கள். அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பரிசோதிக்கும், ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டக் குழுவினர் இந்தக் குழந்தைகளைக் கண்டுபிடித்து மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறார்கள். அறுவை சிகிச்சை நடந்துவிடும். அதற்குப் பின் ஒன்பது, பத்து வயதில் பிளவில் எலும்பு வைத்து ஒட்டும் அறுவைக்கு முன்னால் மேல்தாடையை விரிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாமல் எத்தனை பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள் தெரியுமா! ஊருக்குப் போன முதல் மாதமே மாவட்ட மையத்திலும் அரசு மருத்துவக் கல்லூரியிலும் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்.

கல்யாணக் கேஸ்களுக்கும் தயாராக இருங்கள். "தை மாசம் முகூர்த்தம், அதுக்குள்ள எத்துப்பல்லை உள்ளே தள்ளிடுங்க" என்று ஐப்பசியில் வந்து நிற்பார்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். பெண்ணிடம் தனியாகவும் பேசுங்கள். அவளுக்கு அது வேண்டுமா என்று பல சமயம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மேல்பல் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று தாத்தா பாட்டி தடுப்பார்கள். அவர்களையும் உள்ளே கூப்பிட்டு, எக்ஸ்ரேயைக் காட்டிப் பொறுமையாகச் சொல்லுங்கள். ஊரில் ஒரு பாட்டி நம்பிவிட்டால் அந்தத் தெருவே நம்பும்.

வருமானமும் பக்கத்து மருத்துவர்களும்

முதல் இரண்டு வருடம் வருமானம் குறையும். அதை மறைக்க மாட்டேன். சின்ன ஊரில் பல்சீரமைப்பை மட்டும் வைத்து ஒரு கிளினிக் நிற்பது கடினம். மூத்த மருத்துவரின் பழைய நோயாளிகளுக்கு வேர் சிகிச்சையும் பல் செட்டும் வேண்டும். அதற்கு ஒரு பி.டி.எஸ். டாக்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு சிக்கல் வரும். சுற்றுவட்டாரப் பல் மருத்துவர்கள் கேஸ் அனுப்பத் தயங்குவார்கள். அனுப்பிய நோயாளி திரும்பி வருவாரா என்ற பயம்தான். அதைப் பேச்சால் போக்க முடியாது. அவர்கள் அனுப்பிய பிள்ளைக்கு ஒரு சொத்தை இருந்தாலும் நீங்கள் அடைக்காதீர்கள். கடிதம் எழுதி அவர்களிடமே திருப்பி அனுப்புங்கள். கொஞ்ச காலத்தில் தானாகச் சரியாகும். கமிஷன் கொடுத்துக் கேஸ் வாங்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பல் மருத்துவர்களுக்கான 2014 நெறிமுறை விதிகள் அதைத் தடுக்கின்றன. அந்தப் பணமும் கடைசியில் பெற்றோர் தலையில்தான் விழும்.

கட்டணத்தை எப்படி வாங்குவது என்பது சென்னையில் உங்கள் கவலையாக இருந்ததில்லை, வரவேற்பில் பார்த்துக்கொண்டார்கள். அங்கே நீங்கள்தான். மரக்காணம் உப்பளத்துக் குடும்பங்கள் என்னிடம் கோடையில்தான் பணம் கட்டுவார்கள், மழை மாதங்களில் கேட்டுப் பயனில்லை. உங்கள் பக்கம் மாம்பழம். அறுவடை முடிந்து ஜூன், ஜூலையில் கையில் காசு இருக்கும். தவணையை அதற்கேற்ப எழுதிக் கொடுங்கள். பாக்கி இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையின் கம்பியை மாற்றாமலோ கழற்றாமலோ அனுப்பிவிடாதீர்கள். தண்டனை பெற்றோருக்குப் போகாது, பிள்ளையின் வேருக்கும் எனாமலுக்கும்தான் போகும்.

கடன் வாங்கி, முழுத் தாடையையும் தலையையும் படம் எடுக்கும் ஓ.பி.ஜி., செஃபலோகிராம் எக்ஸ்ரே இயந்திரம் போட வேண்டாம். பக்கத்து நகரத்து ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினால் போதும். கருவிகளைக் கிருமி நீக்கும் நல்ல ஆட்டோகிளேவும் கரண்ட் போனாலும் ஓடும் யு.பி.எஸ்.ஸும் முதலில் வாங்குங்கள். சின்ன எக்ஸ்ரே இயந்திரம் வைத்தாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு வேண்டும். மருத்துவ நிறுவனப் பதிவும் கழிவு அகற்றும் ஒப்பந்தமும் மூத்த மருத்துவர் பெயரில்தான் இருக்கும், உங்கள் பெயருக்கு மாறாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

சனி, ஞாயிறு யோசனை

கணவரின் யோசனையில் பாதி சரி. "ஓடாவிட்டால் விட்டுவிடலாம்" என்ற பாதி சரியில்லை. முதல் பிள்ளைக்கு பிராக்கெட் ஒட்டிய அன்றே இரண்டு வருடம் அந்த ஊருக்கு வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். அது ஓடினாலும் ஓடாவிட்டாலும். சோதித்துப் பார்க்க வேண்டுமானால் முதல் ஆறு மாதம் பரிசோதனையும் கழற்றி மாட்டும் சாதனங்களும் மட்டும் செய்யுங்கள். ஒட்டும் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நல்ல வழி, மூத்த மருத்துவரின் கிளினிக்கை உடனே எடுத்துக்கொள்ளாமல் அவரோடு சேர்ந்துகொள்வது. ஓய்வை ஒன்றரை வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மாறாத கிழமையில் நீங்கள் போகலாம். புதன்கிழமை கம்பி கன்னத்தில் குத்துகிறது என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் நுனியை வெட்டிவிட அவர் இருப்பார். அவருடைய குடும்பங்கள் உங்களைப் பார்த்துப் பழகும். அதே நேரத்தில் சென்னைக் கேஸ்களும் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வரும். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை, ஜோலார்பேட்டையில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் கணக்கில் வைத்து நாளைக் குறியுங்கள். சோர்ந்துபோய் ஒருமுறை வராமல் விட்டால் அது ஊர் முழுக்கத் தெரியும்.

கணவர் வேலையைப் பற்றி ஒரே வரி: அவர் நிறுவனத்துக்குப் பெங்களூருவில் அலுவலகம் உண்டா? எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் என்றால் கிருஷ்ணகிரியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஓசூரில் வீடு பார்த்தால் இரண்டு பேருக்கும் நடுவாக இருக்கும், மகனுக்கும் பள்ளிக்கூடங்கள் உண்டு. அம்மா வீட்டுக்கும் அவர் வேலைக்கும் நடுவில் நீங்கள் ஒருவரே அலைய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். இது இரண்டு பேரின் இடமாற்றம்.

இவ்வளவும் பார்த்த பிறகு போவது என்று முடிவெடுத்தால், கிளினிக் இடத்துக்குப் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் போடாதீர்கள். கட்டடம் மூத்த மருத்துவருடையதா, வேறொருவருடையதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. யாருடையதாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு எழுதி, முறையாகப் பதிவு செய்யுங்கள். வாடகை உயர்வு வருடத்துக்கு எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கட்டும். நாற்காலி, கம்ப்ரஸர், எக்ஸ்ரே ஆகியவற்றுக்குத் தனி விலைப் பட்டியல் வாங்குங்கள். பழைய நோயாளிகளின் ஆவணங்கள் யார் பொறுப்பில் இருக்கும் என்பதையும் அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.